மூச்சு முந்தும், படம் பிந்தும்

என் அப்பாவின் நெஞ்சுப் படம் இன்னும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில், புளோ ரூமிலும் கார்டிங்கிலுமாக இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசிக்குள் நின்றவர். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் சாயங்காலம் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினது போல இருக்குதென்பார். மறுநாள் கொஞ்சம் தேவலாம். வாரக் கடைசியில் சரியாகிவிடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம் என்று வந்தது. மில்லில் மேஸ்திரி, “படமே நல்லாத்தான இருக்குது, அப்புறம் என்னத்துக்கு இழுத்துக்கிட்டு நிக்கற?” என்று கேட்டாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது எனக்குப் பத்து வயசு.

பின்னாளில் நானே எக்ஸ்ரே படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பஞ்சுத் தூசி நோயில் படம் சுத்தமாகத்தான் இருக்கும். ஷில்லிங் என்ற ஆங்கில மருத்துவர் லங்காஷயர் மில் தொழிலாளர்களிடம் அந்த நோயைப் படி பிரித்தது படத்தை வைத்து அல்ல, ‘எந்தக் கிழமை நெஞ்சு இறுகுகிறது’ என்ற கேள்வியை வைத்து. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு தெருவுக்குத் தெரு சங்கு ஊதின ஊர் இது. அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் யார் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

நான் 1982-ல் சென்னை பர்னார்டு இன்ஸ்டிட்யூட்டில் சி.ஆர்.ஏ. முடித்தேன். கேப்டன் பர்னார்டு பெயரில் 1934-ல் திறந்த பழைய இடம் அது. ஊருக்குத் திரும்பி, போர்ட்டபிள் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு ஐ.சி.யூ. ஐ.சி.யூ.வாகப் போனேன், 2021 வரைக்கும். அதிகமும் நான் எடுத்தது ஒரே வகைப் படம்: உடம்பில் எங்கேயோ பிடித்த கிருமி ரத்தத்தில் கலந்து, ஆள் நினைவு தப்பி, நுரையீரலும் கெடத் தொடங்குகிறதா என்று பார்க்கிற நெஞ்சுப் படம். அந்தக் கேடு வந்துவிட்டதென்று எங்கள் ஊரில் எப்படியெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்பதை, மெஷினுக்குப் பின்னால் நின்றவனாகச் சொல்கிறேன்.

இந்தக் கேடு புதுசு அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோவை பிளேக்கில் திரும்பத் திரும்ப அடிபட்டது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் ஊருக்குள் இன்னும் இருக்கின்றன. போகிற வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், பெயரைக் கவனிப்பவர்கள் குறைவு. முதலில் தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். கிருமி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு இறங்கினால் ரத்தமாக இருமி, இரண்டு மூன்று நாளில் கதை முடியும். மருத்துவருக்கு அன்று இருந்தவை நாடி பார்க்கிற விரலும், மூச்சைப் பார்க்கிற கண்ணும், 1816-ல் லேனெக் கண்டுபிடித்த நெஞ்சுக்குழலும்தான். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895-ல் என்றாலும், சாகக் கிடக்கிறவனின் கட்டில் வரைக்கும் அது வந்து சேர வெகு காலம் ஆனது.

எக்ஸ்ரே எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பழகியது காசநோயால்தான். பெருந்துறை சானடோரியம் என்றாலே எங்கள் அப்பத்தா குரலைத் தாழ்த்திப் பேசும். அந்த வளாகத்தில்தான் பிறகு சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் மருத்துவக் கல்லூரி வந்தது. ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் கோவையில்தான் தொடங்கியது. 1966-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. ‘நெஞ்சைப் படம் பிடிச்சா எல்லாம் தெரிஞ்சுரும்’ என்ற நம்பிக்கை அந்த வருஷங்களில்தான் ஊன்றிப் போனது. காசநோய்க்கு அது பெரும்பாலும் பொருந்தும். குழி, தழும்பு, நிழல் எல்லாம் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். ரத்தத்தில் கிருமி கலந்தவனின் நுரையீரல் மணிக்கணக்கில் மாறும்.

அந்த நிலைக்கு ஒரு பெயர் கிடைத்தது 1967-ல். அமெரிக்காவில் டென்வர் நகரத்து மருத்துவர்கள் நான்கு பேர் பன்னிரண்டு நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஒருவருக்கு அடிபட்டது, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கணையம் வீங்கியது என்று காரணங்கள் வேறு வேறு. முடிவு மட்டும் ஒன்று: மூச்சு வாங்கும், ஆக்சிஜன் கொடுத்தாலும் நீலம் மாறாது, படத்தில் இரண்டு பக்கமும் வெளுக்கும். பன்னிரண்டில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த நிலையைத்தான் இன்று ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற சொந்தக்காரரிடம் ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ என்கிறார்கள். அவர் ஊருக்குப் போன் போட்டு, “நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாமா” என்கிறார்.

தண்ணீர் கோத்தது என்பது சரிதான். எப்படிக் கோத்தது என்பதில்தான் வைத்தியம் அடங்கியிருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தண்ணீர் அளவுக்கு மீறி வந்து கரை தாண்டி வழிவது ஒன்று. தண்ணீர் அளவாகவே ஓடும்போது மண்கரை கசிந்து பக்கத்துக் காடெல்லாம் ஓதம் ஏறுவது இன்னொன்று. இதயம் பலவீனமானால் முதல் வகை: பின்னால் அழுத்தம் ஏறி நுரையீரலுக்குள் தண்ணீர் வழியும். ரத்தத்தில் கிருமி கலந்தால் இரண்டாவது வகை: கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படையே நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைப் புண்ணாக்கிவிடும். புரதம் நிறைந்த நீர் காற்றுப் பைகளுக்குள் கசியும். கிருமி நெஞ்சில் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறுநீரில் இருக்கலாம், பித்தப்பையில் இருக்கலாம், சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் இருக்கலாம். படத்தில் எல்லாம் ஒரே வெள்ளை.

அந்த வெள்ளைக்குப் பொய்க் காரணங்களும் உண்டு என்பது டாக்டர்களை விட எங்கள் தொழில்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பீளமேடு பக்கம் மில்லும் பவுண்டரியும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். லைன் வோல்டேஜ் குமிழைத் திருகிச் சரி செய்யாமல் பட்டனை அழுத்தினால் கதிர் பலம் குறைந்து படம் வெளுத்து விழும். நல்ல நுரையீரலே கெட்டுப்போனது போலத் தெரியும். மூச்சை வெளியே விட்ட நொடியில் எடுத்தாலும் அப்படித்தான். நுரையீரல் சுருங்கி வெளுக்கும், இதயம் பெருத்துக் காட்டும். படுக்க வைத்து, மார்புப் பக்கமிருந்து கதிரை விட்டால் இதயம் இன்னும் பெருசாகத் தெரியும். வெண்டிலேட்டரில் இருக்கிறவரிடம் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று சொல்ல முடியாது. மெஷின் காற்றை உள்ளே தள்ளி முடிக்கிற அந்த நொடிக்காகக் காத்திருந்து, மார்பு எழும்பி நிற்கையில் பட்டனை அழுத்த வேண்டும். நான்கைந்து மூச்சைச் சும்மா பார்த்து, அதன் தாளம் கைக்கு வந்த பிறகுதான் நான் எடுப்பேன்.

கேசட்டை முதுகுக்கடியில் செருகுவது தனி வேலை. நினைவில்லாத உடம்பின் கனம் நினைவுள்ள உடம்பின் கனம் அல்ல. ஒரு பக்கம் சிஸ்டர் தூக்க, இன்னொரு பக்கம் நான் தூக்க, நடுவில் கழுத்தில், கையில், மூக்கில் எல்லாம் குழாய். குளிர்ந்த தகடு முதுகில் படாமல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருப்பேன். கேட்கிறாரோ இல்லையோ, “சாமி, முதுகைக் கொஞ்சம் தூக்கறேன், சில்லுன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்வேன். படம் எடுத்த பிறகு டார்க் ரூமுக்கு ஓட்டம். சிவப்பு விளக்கில் டெவலப்பர், தண்ணீர், பிக்சர். கோடையில் டெவலப்பர் சூடேறினால் படம் கறுத்துவிடும் என்று தொட்டிக்கு வெளியே ஐஸ் கட்டி போட்டுச் சமாளிப்போம். அவசரத்துக்குக் காயாத படத்தை ஹேங்கரோடு பிடித்துக்கொண்டு ஓடுவேன். வராந்தா முழுக்கச் சொட்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் நான் கடைசி வரைக்கும் விடவில்லை. படத்தின் ஓரத்தில் தேதியோடு நேரம், படுத்த நிலையா சாய்ந்த நிலையா, எத்தனை கேவி, எவ்வளவு தூரம் எல்லாம் எழுதுவேன். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் நடுவில் நுரையீரல் மாறியதா, நான் மாறினேனா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?

இதைத் தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். குடல் ஓட்டையாகி ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர். ராத்திரியில் ஆக்சிஜன் சட்டென்று இறங்கியது. இடது பக்கம் முழுக்க வெளுத்திருந்தது. கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிட்டதென்று பேசிக்கொண்டிருந்தார்கள், வெண்டிலேட்டரில் அழுத்தத்தை ஏற்றினார்கள். நான் ஈரப் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டிய டியூபின் நுனி, பிரிவைத் தாண்டி வலது கிளைக்குள் போயிருந்தது. இடது நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை. அது சுருங்கிக் கிடந்தது. டெக்னீசியன் வாய் திறக்கிற வழக்கம் அன்றைக்கு இல்லை. ஆனாலும், “டாக்டர், டியூபைக் கொஞ்சம் பாருங்க” என்றேன். இழுத்துச் சரி செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் அடுத்த படம், பாதி கறுப்பு திரும்பியிருந்தது. முந்தின நாள் படத்தில் நேரமும் நிலையும் எழுதாமல் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே யாருக்கும் தோன்றியிருக்காது.

படம் மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகமும் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது. 1994-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவர்கள் கூடி ஒரு கணக்கு வைத்தார்கள். தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கிற ஆக்சிஜனின் பங்கால் வகுக்க வேண்டும். ஐம்பது சதவீத ஆக்சிஜனில் அழுத்தம் 60 என்றால், 60-ஐ 0.5-ஆல் வகுக்க 120. 200-க்குக் கீழே போனால் ஏ.ஆர்.டி.எஸ். என்றார்கள். 2012-ல் பெர்லின் வரையறை அதை மூன்றாகப் பிரித்தது: 300 வரை லேசானது, 200-க்குள் நடுத்தரம், 100-க்குள் கடுமை. காரணம் நேர்ந்து ஒரு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வெளுத்திருக்க வேண்டும், இதயத்தால் மட்டும் வந்ததாக இருக்கக் கூடாது. கணக்கு எளிதுதான். ஆனால் அதற்கு மணிக்கட்டுத் தமனியில் குத்தி எடுத்த ரத்தம் வேண்டும், அதை அளக்கிற மெஷின் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த ஊசி, ஐஸ் டப்பாவில் ஸ்கூட்டர் ஏறி இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போகும். முடிவு வருவதற்குள் ஆளின் நிலை வேறாகியிருக்கும்.

என் மனசில் பதிந்து கிடப்பது மலையடிவாரத்திலிருந்து வந்த ஓர் அம்மிணிதான். ஐப்பசி மழை விட்டு, கார்த்திகைக் குளிர் தொடங்கியிருந்த சமயம். ஆடு மேய்க்கிறவர். எட்டு நாள் காய்ச்சல்; மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் எடுத்த படம் கிட்டத்தட்ட சுத்தம். எனக்கோ அந்தப் படத்தைக் கொடுக்கவே மனம் வரவில்லை. கேசட் வைக்கும்போது அவர் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இருந்தது. “தண்ணி… கொடுங்… கண்ணு…” டியூட்டி டாக்டர் சின்னப் பெண். படத்தை ஒரு தடவை பார்த்தார், கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுக்க அம்மாவின் வயிற்றையே பார்த்து நின்றார். முப்பத்தெட்டு. “படம் நாளைக்குத்தான் சொல்லும், இவங்க இப்பவே சொல்றாங்க” என்று ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சொன்னார். காலை ஆறு மணிப் படத்தில் இரண்டு பக்கமும் அடியிலிருந்து மேலே வரை வெள்ளை.

அதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது. ராத்திரி உடம்பு துடைத்துவிட்ட சிஸ்டர், மார்புக்கு அடியில் மடிப்பில் ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தார். பீடி நெருப்பு சுட்டது போல, வலி இல்லாமல், அந்த அம்மாவுக்கே தெரியாமல். உண்ணிக் காய்ச்சல் என்று நம் பக்கம் சொல்கிற ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறு பூச்சியின் இளம்புழு புதரில் ஏறிக் கடித்த இடம் அது. ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். நுரையீரல் வெளுத்ததற்குக் காரணம் தோலில் ஒரு ரூபாய்க் காசை விடச் சிறிய இடத்தில் இருந்தது. நான்கு நாள் வெண்டிலேட்டர். நான் ஏழு படம் எடுத்தேன். ஏழாவதில் விலா எலும்புகளுக்கு நடுவே கறுப்பு திரும்பியிருந்தது. பல வருஷம் கழித்து, 2023-ல், வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது ஒற்றை மருந்தை விட நல்லது என்று வந்தது. அதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் ஏழு படங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன.

2000-க்குப் பிறகு வைத்தியமும் மாறியது. பெரிய மூச்சாகத் தள்ளினால் புண்ணான நுரையீரல் இன்னும் புண்ணாகும் என்று அந்த வருஷத்து அமெரிக்க ஆய்வு காட்டியது. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி தள்ளியவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி தள்ளியவர்களில் 31 சதவீதம். 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள், கடுமையான நிலையில் இருக்கிறவர்களை நாளுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தால் சாவு பாதியாகக் குறைகிறது என்று காட்டினார்கள். இவை வந்த பிறகு சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கு ஓர் அவசரம் வந்துவிட்டது. கண்டுபிடித்தால் செய்ய ஏதோ இருந்தது.

பிறகு கொரோனா. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி முழுக்க அதற்கென்றே ஆனது. 2021 மே மாதக் கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அந்த மாதம் 30-ஆம் தேதி முதலமைச்சர் கவச உடை போட்டுக்கொண்டு ஈ.எஸ்.ஐ. வார்டுக்குள் வந்து நோயாளிகளைப் பார்த்தார். சி.டி. சென்டர்களின் வாசலில் விடிகாலையிலேயே ஜனம். “ஸ்கோர் எத்தனைங்க? இருபத்தஞ்சுக்கு எத்தனை?” என்று பரீட்சை மார்க் போலக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த வருஷம் ஊருக்கு உபயோகமானது விரலில் மாட்டுகிற சின்னக் கருவி. 1970-களில் ஜப்பானில் அவோயாகி டகுவோ கண்டுபிடித்த தத்துவம். அதைச் செய்தவர் கொரோனா உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார். வீட்டில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி, ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்க்க ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கருவியிலும் ஒரு குறை உண்டு, நம் ஊருக்கு அது முக்கியம். கறுத்த தோலில் அது உண்மையை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 1990-லேயே எழுதினார்கள், 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வு மறுபடியும் சொன்ன பிறகுதான் எல்லாரும் காது கொடுத்தார்கள். காட்டு வேலை செய்து வெயிலில் கறுத்த விரலில் 93 என்று காட்டினால் உள்ளே அதற்கும் கீழே இருக்கலாம் என்று மனசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த மாற்றம் ருவாண்டாவிலிருந்து வந்தது. அங்கே கிகாலி நகரத்து ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் குறைவு, ரத்த வாயுச் சோதனை அரிது. பெர்லின் வரையறைப்படி பார்த்தால் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே இந்த நோய் வராது. அளக்க வழி இல்லையே! ஆகவே 2016-ல் வந்த அவர்களுடைய ஆய்வு, விரலில் காட்டுகிற அளவை ஆக்சிஜன் பங்கால் வகுத்து 315-க்குக் கீழே வந்தால் கணக்கில் எடு, எக்ஸ்ரேக்குப் பதில் அல்ட்ராசவுண்டில் நுரையீரலைப் பார் என்றது. வால் நட்சத்திரம் போல மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் கோடுகள் கசிவைக் காட்டும். 2024-ல் வெளியான உலகளாவிய புது வரையறை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. கோபியிலும் தாராபுரத்திலும் மேட்டுப்பாளையத்திலும் இருக்கிற ஆஸ்பத்திரிகளை மனசில் வைத்து எழுதினது போல எனக்குப் பட்டது.

போன தை மாதம் ராத்திரி பதினொன்றே காலுக்கு என் அண்ணன் மகள் போன் செய்தாள். ஒரு தாலுகா ஊரில் ஸ்டாஃப் நர்ஸ். “சித்தப்பா, ஒரு அம்மா, அறுபது வயசு, சர்க்கரை. யூரின்ல இன்பெக்ஷன், பிரஷர் இறங்குது. மூச்சு வாங்கற மாதிரி இருக்குது. டாக்டர் உள்ள இன்னொரு கேஸ்ல இருக்காரு. எக்ஸ்ரே ஆளு காலையிலதான் வருவாரு.”

“எண்ணினயா கண்ணு?”

“இல்லீங்க சித்தப்பா.”

“முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. நான் லைன்லயே இருக்கறேன்.”

பின்னால் யாரோ இருமுகிற சத்தமும், பேன் கரகரப்பும் கேட்டன. திரும்பி வந்து, “முப்பத்தாறுங்க” என்றாள். மாஸ்க்கில் ஆறு லிட்டர் போய்க்கொண்டிருந்தது, ஏறக்குறைய நாற்பது சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். விரலில் 91. வகுத்துப் பார்த்தாள்: 227. அது மட்டுமே நோயைச் சொல்லிவிடாது, இரண்டு பக்கமும் கெட்டிருக்கிறதா என்று படமோ அல்ட்ராசவுண்டோ பார்க்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். அதுவரைக்கும் ஆளை அங்கேயே வைத்திருக்க வேண்டியதில்லை என்பதும் தெரியும். டாக்டரிடம் இரண்டு எண்களையும் போய்ச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குள் 108 கிளம்பிவிட்டது.

படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. மறுநாள் அவளே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற சிநேகிதியிடம் கேட்டு, பெயரை மறைத்து எனக்கு அனுப்பினாள். இரண்டு பக்கமும் வெளுத்திருந்தது. டியூப் நுனி சரியான இடத்தில் நின்றது. ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: காலை 7.10, படுத்த நிலை.